கோலார் தங்கவயல்: ஒரு சின்ன ரயில் பாதையும் ஒரு பெரிய சுரங்க ஊரும்

கே.ஜி.எஃப் என்று சொன்னால் இன்றைக்குப் பலருக்கு ஞாபகம் வருவது 2018லும் 2022லும் வந்த கன்னடப் படங்கள்தான். 2024ல் வந்த 'தங்கலான்' பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் கோலார் தங்கவயல் என்பது சினிமாக்காரர்கள் கற்பனை செய்த இடம் அல்ல. கர்நாடகத்தில், பெங்களூருவிலிருந்து ரயிலில் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரத்தில், தமிழ் பேசும் மக்கள் நிறைந்திருக்கும் ஓர் ஊர். 120 ஆண்டுகளாகத் தோண்டி சுமார் 800 டன் தங்கம் எடுத்த ஊர். உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று இருந்த ஊர்.

இந்த ஊர் எப்படி உருவானது என்று கேட்டால் வழக்கமாக வரும் பதில் ஒரு வெள்ளைக்காரரின் பெயர். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஊரின் கதை முழுமையாகும். வாருங்கள், ஆரம்பத்திலிருந்தே பார்ப்போம்.

வாரன் வருவதற்கு முன்பே...

1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் இறந்த பிறகு, மைசூர் ராஜ்ஜியத்தின் எல்லைகளை அளக்கும் வேலையில் ஆங்கிலேயர்கள் இறங்கினார்கள். அதில் கிழக்கு எல்லைப் பக்கம் வேலை பார்த்தவர் லெப்டினன்ட் ஜான் வாரன். இந்தப் பகுதி மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்று ஊர்க்காரர்கள் பேசிக்கொள்வது 1802ல் அவர் காதில் விழுந்தது. தங்கம் காட்டுகிறவருக்குப் பரிசு என்று அறிவித்தார். உரிகம் கிராமத்து மக்கள் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து, அவர் கண் முன்னாலேயே அலசிக் காட்டினார்கள். அடியில் பொன் துகள் மின்னியது!

அதோடு வாரன் நிற்கவில்லை. மாரிக்குப்பம் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கே தாழ்த்தப்பட்ட சாதி மக்கள் சில பத்தடி ஆழமுள்ள குழிகளில் இறங்கிக் கல்லை உடைத்துக்கொண்டிருந்தார்கள். உடைத்த கல் கூடை கூடையாகக் கைமாறி மேலே வரும். பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கித் தண்ணீரில் அலசிப் பொன்னைப் பிரிப்பார்கள். இதையெல்லாம் வாரன் எழுதி வைத்திருக்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கோலார் தங்கத்தை வாரன் 'கண்டுபிடித்தார்' என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். உண்மையில் அவர் செய்தது, ஏற்கெனவே தங்கம் எடுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து அறிக்கை எழுதியது. அந்த அறிக்கை அச்சில் வந்தது. குழியில் இறங்கியவர்களின் பெயர்கள் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. ஊரின் கதை முழுவதும் இந்த வித்தியாசம் தொடர்ந்து வருவதைப் பார்க்கலாம்.

லவேல் என்ற முன்னாள் சிப்பாய்

அதன் பிறகு எழுபது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மைக்கேல் ஃபிட்ஜெரால்டு லவேல் என்ற அயர்லாந்துக்காரர் நியூசிலாந்தில் மாவோரிகளுக்கு எதிரான போரில் சிப்பாயாக இருந்துவிட்டு பெங்களூருக்கு வந்து சேர்ந்தார். நியூசிலாந்தில் தங்க வேட்டையைப் பார்த்திருந்தவர் அவர். வாரன் எழுதிய பழைய அறிக்கை கையில் கிடைத்ததும் அவருக்குப் பொறி தட்டியது. 1871ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார் பக்கம் கிளம்பினார். பழைய குழிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே தோண்டலாம் என்று குறித்துக்கொண்டார்.

பிறகு மைசூர் அரசிடம் அனுமதி கேட்டு நடையாய் நடந்தார். அப்போது மைசூர் நேரடியாக ஆங்கிலேயர் நிர்வாகத்தில் இருந்தது. கடைசியில் 1875ல் அவருக்கு 20 ஆண்டு உரிமம் கிடைத்தது. இந்தியாவில் நவீன தங்கச் சுரங்கத் தொழிலின் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று என்று இந்த உரிமத்தைச் சொல்லலாம்.

ஆனால் உரிமம் வேறு, முதலீடு வேறு! சுரங்கம் தோண்ட வேண்டுமென்றால் இயந்திரம், மரம், வெடிமருந்து, ஆட்கள் எல்லாம் வேண்டும். தங்கம் கிடைக்கும் வரை ஒரு பைசா வரவு கிடையாது. தனி மனிதர் ஒருவர் தாங்கக்கூடிய செலவா அது? சில ஆண்டுகளிலேயே லவேல் தன் உரிமையை பெங்களூரில் இருந்த ராணுவ அதிகாரிகள் சிலரிடம் மாற்றிக் கொடுத்துவிட்டார். பெரெஸ்ஃபோர்டு என்பவர் அவர்களில் முக்கியமானவர். 'கோலார் கன்செஷனேர்ஸ்' என்ற பெயரில் அந்தக் குழு இயங்கியது. அவர்களாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. லண்டன் பணம் தேவைப்பட்டது.

லண்டன் பங்குச்சந்தையும் ஒரு கடைசி வாய்ப்பும்

1880 வாக்கில் லண்டனில் 'இந்தியத் தங்கம்' என்ற பெயரே ஒரு காய்ச்சல் மாதிரிப் பரவியது. அதன் மையம் கோலார் அல்ல, வயநாடு. இன்றைக்கு நீலகிரி மாவட்டத்தில் இருக்கும் பந்தலூர், தேவாலா பக்கத்தில் தங்கம் இருக்கிறது என்று டஜன் கணக்கில் கம்பெனிகள் தொடங்கப்பட்டன. பங்குகள் பறந்தன. திடீர் ஊர்கள் முளைத்தன. ஆனால் போட்ட பணத்துக்கு ஈடாகத் தங்கம் வரவில்லை. ஒரு சில ஆண்டுகளிலேயே கம்பெனிகள் வரிசையாகப் படுத்துவிட்டன. பங்குதாரர்களுக்கு மிஞ்சியது பத்திரக் காகிதம்தான்.

கோலாரும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற புகழ்பெற்ற சுரங்க நிர்வாக நிறுவனம் 1880ல் இங்கே வந்தது. மைசூர் கோல்டு மைனிங் கம்பெனியும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தால் பக்கத்து நிலங்களில் பல கம்பெனிகள் வேலையை நிறுத்திவிட்டிருந்தன. மைசூர் கம்பெனியின் மூலதனமும் பெரும்பகுதி கரைந்துவிட்டது. மிச்சப் பணத்தைப் பிரித்துக்கொண்டு கடையைக் கட்டலாமா என்று லண்டனில் பங்குதாரர்கள் யோசித்தார்கள். இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்று ஜான் டெய்லர் நிறுவனம் வற்புறுத்தியது.

அந்தக் கடைசி வாய்ப்பு கேப்டன் பிளம்மர் என்ற சுரங்க மேலாளரிடம் கொடுக்கப்பட்டது. (இந்தக் 'கேப்டன்' ராணுவப் பட்டம் அல்ல. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சுரங்க மேலாளரை அப்படித்தான் அழைப்பார்கள்.) அவர் பழங்காலத்து ஆட்கள் தோண்டி விட்டுப்போன குழிகளைப் பின்பற்றி இன்னும் ஆழமாகப் போனார். அங்கேதான் 'சாம்பியன் லோடு' என்று பின்னால் பெயர் பெற்ற வளமான தங்கப் படிவம் அகப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். பெயர் தெரியாத அந்தப் பழைய சுரங்கத் தொழிலாளிகள் எங்கே விட்டார்களோ அங்கிருந்துதான் கம்பெனிக்கு வழி திறந்தது. தண்ணீர் ஊறியதாலும் கருவிகள் போதாததாலும் அவர்களால் அதற்குக் கீழே போக முடியவில்லை. ஆனால் இடத்தை அவர்கள் தப்பாகத் தேர்ந்தெடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நிலைமை தலைகீழானது. ஊரிகாம், நந்திதுர்க், சாம்பியன் ரீஃப், பாலாகாட், கோரமண்டல் என்று பல கம்பெனிகள் அடுத்தடுத்துச் சுறுசுறுப்பாயின. பெரும்பாலான கம்பெனிகளுக்கு நிர்வாகம் ஒரே கைதான், அது ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். 1956ல் அரசுடைமை ஆகும்வரை 76 ஆண்டுகள் அந்தப் பிடி தளரவில்லை. எடுக்கும் தங்கத்தின் மதிப்பில் 5 சதவீதம் மைசூர் அரசுக்கு ராயல்டியாகப் போனது. பங்காதாயம் லண்டனுக்குப் போனது.

பத்து மைல் ரயில் பாதை

இப்போது ரயிலுக்கு வருவோம். சென்னையிலிருந்து வரும் பாதையில் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864லேயே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த வழியில் ஒரு ஸ்டேஷனுக்கு, மைசூரின் தலைமை ஆணையராக இருந்த லூயின் பவுரிங் பெயரால் பவுரிங்பேட்டை என்று பெயர். தங்க வயலுக்கு மிகப் பக்கத்து ஸ்டேஷன் அதுதான். ஆரம்ப காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த இயந்திரங்கள் ரயிலில் பவுரிங்பேட்டை வரை வரும். அங்கிருந்து சுரங்கத்துக்கு மாட்டு வண்டிதான்! பல டன் எடையுள்ள பாய்லர்களையும் கல் இடிக்கும் இரும்பு உலக்கைகளையும் மாட்டு வண்டியில் ஏற்றிக் கரடுமுரடான பாதையில் கொண்டுபோவதை நினைத்துப் பாருங்கள்.

சுரங்கம் ஆழமாக ஆகத் தேவைகளும் கூடின. நீராவி இயந்திரத்துக்கு விறகும் நிலக்கரியும், சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்க மரம், ஆயிரக்கணக்கான தொழிலாளிகளுக்கு அரிசி, ராகி, துணிமணி... இதையெல்லாம் வண்டியை நம்பி ஓட்ட முடியாது. எனவே பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 10 மைல் நீளத்துக்கு ஒரு கிளைப் பாதையை மைசூர் அரசு தன் செலவில் போட்டது. 1890களின் முற்பகுதியில் அது இயங்க ஆரம்பித்தது. மைசூர் ராஜ்ஜியத்தின் மற்ற ரயில் பாதைகள் பெரும்பாலும் மீட்டர் கேஜ். இது மட்டும் அகலப் பாதை, ஏனென்றால் இது சேர வேண்டிய சென்னை - பெங்களூர் பாதை அகலப் பாதை. சென்னைத் துறைமுகத்தில் ஏற்றிய சரக்கை நடுவில் இறக்கி மாற்றாமல் சுரங்க வாசலிலேயே இறக்கலாம்.

அந்தப் பாதையின் ஸ்டேஷன் பெயர்களைப் பார்த்தாலே ஊரின் கதை புரியும். கோரமண்டல், ஊரிகாம், சாம்பியன், கடைசியில் மாரிக்குப்பம். கோரமண்டலும் ஊரிகாமும் சுரங்கக் கம்பெனிகளின் பெயர்கள், சாம்பியன் தங்கப் படிவத்தின் பெயர். ஊருக்கு ஸ்டேஷன் என்பது போய், சுரங்கத்துக்கு ஒரு ஸ்டேஷன் என்ற கணக்கு. பவுரிங்பேட்டையின் பெயர் பின்னாளில் பங்காரப்பேட்டை ஆனது. கன்னடத்தில் 'பங்காரா' என்றால் தங்கம்.

ரயில் வந்ததன் பலன் மக்கள்தொகைக் கணக்கில் தெளிவாகத் தெரிகிறது. 1891ல் தங்க வயலில் இருந்தவர்கள் சுமார் 7,000 பேர். 1901ல் அது 38,000ஐத் தாண்டிவிட்டது. பத்தே ஆண்டில் ஐந்து மடங்குக்கு மேல்! இவ்வளவு பேர் எங்கிருந்து வந்தார்கள்?

யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள்?

பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அதிகமானோர் தமிழ் பேசியவர்கள், தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் உலுக்கிய தாது வருஷப் பஞ்சம் முடிந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. பல லட்சம் பேர் செத்த பஞ்சம் அது. பிழைத்தவர்களில் நிலம் இல்லாதவர்களுக்கு ஊரில் இருந்த வழி பண்ணை வேலை. கூலியாகத் தானியம், தலைமுறைக் கடன், கூடவே சாதிக் கொடுமை.

தங்க வயலில் கூலி காசாகக் கிடைத்தது. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பண்ணையாளாக இருந்த ஒருவருக்குக் கையில் காசு என்பது பெரிய மாற்றம். அந்தக் காசுக்கு யாரிடமும் போய் கும்பிட்டு நிற்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாம், புத்தகம் வாங்கலாம், ரயில் டிக்கெட் எடுத்து ஊருக்குப் போய்த் தம்பியையும் அழைத்து வரலாம். ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் பக்கத்துக்காரர்களுக்கு ரயிலில் ஜோலார்பேட்டை வழியாகச் சில மணி நேரப் பயணம்தான். ஒருவர் வந்தால் அவர் பின்னால் ஒரு தெருவே வந்தது.

மற்றவர்களும் வந்தார்கள். கல் உடைப்பதையும் குழி இறக்குவதையும் மேற்பார்வை பார்க்க இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சுரங்க அனுபவஸ்தர்கள் வந்தார்கள். பட்டறைகளிலும் இயந்திரங்களிலும் ஆங்கிலோ இந்தியர்கள் இருந்தார்கள். தங்கம் திருட்டுப் போகாமல் காவல் காக்கப் பஞ்சாபிகள் வந்தார்கள். வியாபாரம் செய்யப் பல ஊர்களிலிருந்து வணிகர்கள் வந்தார்கள். 1900களின் தொடக்கத்தில் சுரங்கங்களில் மட்டும் 25,000க்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள்.

ஒரே ஊர், இரண்டு ஊர்

வெள்ளைக்காரர்கள் இருந்த பகுதியை 'குட்டி இங்கிலாந்து' என்று சொல்வார்கள். மேட்டு நிலம், இதமான வெயில், ஓட்டுக்கூரை பங்களாக்கள், சுற்றிலும் தோட்டம். கிளப் ஒன்று, கோல்ஃப் மைதானம், கிறிஸ்தவ தேவாலயங்கள், நல்ல மருத்துவமனை. பழைய புகைப்படங்களில் இவையெல்லாம் அழகாக இருக்கும்.

தொழிலாளிகள் இருந்த பகுதிக்கு 'லைன்' என்று பெயர். ஆரம்ப காலத்தில் மூங்கில் தட்டியால் கட்டிய வீடுகள். ஒரே அறை. அதிலேயே சமையல், தூக்கம், பிள்ளைப்பேறு எல்லாம். வரிசை வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும். வீடு கம்பெனியுடையது, நிலமும் கம்பெனியுடையது. வேலை இருக்கும் வரைதான் வீடு. வேலை போனால் வீடும் போகும். ஒரு தலைமுறை முழுக்க வாழ்ந்தாலும் ஒரு சாண் நிலம் சொந்தம் கிடையாது. இந்த ஏற்பாட்டின் விளைவு நூறு ஆண்டு கழித்துத்தான் முழுதாகத் தெரிந்தது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

வேலையும் சாதாரணமானது அல்ல. பெரும்பாலும் ஒப்பந்தக்காரர் மூலமாகத்தான் ஆள் எடுப்பார்கள். ஆகவே கூலிக்கும் விபத்துக்கும் கம்பெனியை நேராகக் கேட்க முடியாது. கூண்டில் இறங்கிப் பாறையில் துளை போட்டு வெடி வைக்க வேண்டும். ஆழம் கூடக் கூட வெப்பம் கூடும், காற்று குறையும். சில சமயம் மேலே இருக்கும் மலையளவு எடையைத் தாங்காமல் பாறை தானாகவே வெடித்துச் சிதறும். 'ராக் பர்ஸ்ட்' என்பது அதன் பெயர். கோலாரில் அதற்குப் பலியானவர்கள் பலர். பிழைத்தவர்களுக்குப் பாறைத் தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் வந்தது. வேலை முடிந்து மேலே வந்தால் தங்கம் மறைத்து வைத்திருக்கிறாரா என்று உடம்பு முழுக்கச் சோதனை. கணக்குக் காட்டாமல் தங்கக் கல் வைத்திருப்பதே குற்றம் என்று இந்தப் பகுதிக்கெனச் சட்டமும் இருந்தது.

கம்பெனி நிலத்துக்கு வெளியே வியாபாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடம் தேவைப்பட்டது. நேர் நேரான தெருக்களோடு திட்டமிட்டு அமைத்த ராபர்ட்சன்பேட்டை அப்படி உருவானது. மைசூரில் ஆங்கிலேய ரெசிடென்டாக இருந்த டொனால்டு ராபர்ட்சன் பெயரால் அமைந்த ஊர் அது. இன்னொரு பக்கம் ஆண்டர்சன்பேட்டை வளர்ந்தது. கம்பெனி கொடுக்காத ஒன்று, அதாவது சொந்தமாகக் கடை வைத்து, பட்டா வாங்கி, நிலையாக நிற்கும் வாய்ப்பு, இந்தப் பேட்டைகளில்தான் கிடைத்தது.

பெங்களூருக்கு முன்பே மின்சாரம்

கோலார் கதையில் எல்லோரும் பெருமையாகச் சொல்லும் பகுதி மின்சாரம். விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகாத நிலையில், காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்ற திட்டம் வந்தது. மைசூர் அரசின் துணைத் தலைமைப் பொறியாளராக இருந்த கனடா நாட்டுக்காரர் ஜோலி டி லோட்பினியர் அதை வகுத்தார். திவான் சேஷாத்ரி ஐயர் துணிந்து ஒப்புதல் கொடுத்தார். அவ்வளவு தூரத்துக்கு மின்சாரம் கொண்டுபோவது அன்றைக்கு உலகத்திலேயே அரிதான காரியம். அருவிக்கும் சுரங்கத்துக்கும் இடையே 92 மைல்!

1902 ஜூன் 30ல் சிவசமுத்திரத்தின் மின்சாரம் தங்க வயலுக்கு வந்து சேர்ந்தது. திட்டத்துக்குப் பின்னால் நின்ற சேஷாத்ரி ஐயர் அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார், பாவம். பெங்களூர் தெருக்களில் மின் விளக்கு எரிந்தது 1905ல்தான். ஆசியாவிலேயே முதலில் மின்சாரம் வந்த ஊர் கே.ஜி.எஃப் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல, டார்ஜிலிங்கில் 1897லேயே நீர் மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் தொழிலுக்காக இவ்வளவு தூரம் கொண்டுவரப்பட்ட மின்சாரம் என்ற பெருமை கோலாருக்கு நிச்சயம் உண்டு. தண்ணீருக்குப் பாலாற்றில் பேத்தமங்கலம் ஏரி கைகொடுத்தது. ஆம், வேலூர் வழியாகத் தமிழ்நாட்டில் ஓடும் அதே பாலாறுதான்.

ரயில், மின்சாரம், தண்ணீர் மூன்றும் கூடிய அந்தச் சமயத்தில்தான் உற்பத்தியும் உச்சத்துக்குப் போனது. 1905ல் மட்டும் சுமார் 19 டன் தங்கம். மீதமான மணலைச் சயனைடு கலந்து இன்னொரு முறை வடித்தெடுத்துக் கொட்டினார்கள். அந்தச் சயனைடு மண் மேடுகள் இன்றும் குன்றுகளாக நிற்கின்றன. காற்றடித்தால் தூசி பறந்து வீடுகளுக்குள் வரும்.

லைன் வீட்டிலிருந்து வந்த புத்தகங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் கம்பெனியும் அரசும் கட்டியவை. தொழிலாளிகள் தாங்களே கட்டியது என்ன என்று கேட்டால், பதில் ஆச்சரியமானது. அவர்கள் சங்கங்கள், பள்ளிகள், பத்திரிகை எல்லாம் கட்டினார்கள்.

அயோத்திதாசப் பண்டிதர் 1898ல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். சாதிக்கு எதிரான தமிழ் பௌத்த இயக்கம் அது. 1907 முதல் அவர் நடத்திய இதழ் முதலில் 'ஒரு பைசாத் தமிழன்' என்றும் பிறகு 'தமிழன்' என்றும் வந்தது. அந்த இயக்கத்துக்குச் சென்னைக்கு அடுத்தபடியாக வேர் பிடித்த இடங்களில் முக்கியமானது தங்க வயல். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கக் கிளைகள் இயங்கின. 1914ல் அயோத்திதாசர் மறைந்த பிறகு, 1926 முதல் 'தமிழன்' இதழைத் தங்க வயலிலிருந்தே ஜி. அப்பாதுரையார் நடத்தினார். அயோத்திதாசரின் எழுத்துகளை நூலாக வெளியிட்டுக் காப்பாற்றியதிலும் தங்க வயலின் சித்தார்த்தா புத்தகசாலைக்குப் பெரிய பங்கு உண்டு.

பகலில் பாறைக்குள் துளை போட்டவர்கள் மாலையில் உட்கார்ந்து பத்திரிகை படித்து வாதம் செய்தார்கள். கிராமத்தில் கோயில் தெருவில் நடக்கவே முடியாதிருந்தவர்கள் இங்கே கூட்டம் போட்டு, சந்தா கட்டி, அச்சகத்துக்குக் காசு கொடுத்தார்கள். காசாகக் கிடைத்த கூலி என்று மேலே சொன்னோமே, அதன் ஒரு பகுதி இப்படித்தான் செலவானது. எடுத்த தங்கம் எல்லாம் வெளியே போய்விட்டது. இந்த எழுத்துகள் மட்டும் தமிழ்நாட்டின் சிந்தனை வரலாற்றுக்குள் வந்து சேர்ந்தன. 1930ல் கம்பெனி கைரேகைப் பதிவு கொண்டுவந்தபோது ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் திரண்டு வேலை நிறுத்தம் செய்ததற்குப் பின்னால் இந்தப் படிப்புப் பழக்கமும் இருந்திருக்க வேண்டும்.

கடைசியில் மிஞ்சியது

பிறகு நடந்தவை சுருக்கமாக. 1956ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962ல் மத்திய அரசுக்கு மாறியது. 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் ஆனது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. ஆனால் ஆரம்ப காலத்தில் ஒரு டன் கல்லில் 40 கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. அவ்வளவு ஆழத்திலிருந்து எடுக்கும் செலவுக்கும் தங்கத்தின் விலைக்கும் கட்டுப்படியாகவில்லை. 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

சுரங்கம் மூடியபோது ஊரும் முடிந்துவிட்டதா? வயநாட்டுத் தங்கத்தை நம்பி வந்தவர்கள் அது பொய்த்ததும் கலைந்து போனார்கள். கோலாரில் அப்படி நடக்கவில்லை. வந்தவர்கள் போக இடம் இல்லாதவர்கள். நான்கு தலைமுறைக்கு முன்னால் விட்டுவந்த கிராமத்தில் அவர்களுக்கு நிலமும் இல்லை, மரியாதையும் இல்லை. இங்கேயும் வீடு கம்பெனி பெயரில் இருந்தது. வேலை போன பிறகு, பிறந்து வளர்ந்த லைன் வீட்டுக்கு உரிமை கேட்டு அரசு அலுவலகங்களுக்கு நடக்க வேண்டியதாயிற்று. 'வேலை இருக்கும் வரை வீடு' என்று 1880களில் போட்ட கணக்கு நூறு ஆண்டு கழித்து அவர்களின் பேரப்பிள்ளைகள் தலையில் விழுந்தது.

அவர்களைக் காப்பாற்றியது எது தெரியுமா? சுரங்கத்துக்காகப் போட்ட அந்தப் பத்து மைல் ரயில் பாதைதான். இயந்திரமும் நிலக்கரியும் கொண்டுவரப் போட்ட பாதையில், விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருவுக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். கடைகளில், அலுவலகங்களில், தொழிற்சாலைகளில் வேலை. தினமும் நான்கைந்து மணி நேரம் ரயிலிலேயே போகும். இருந்தாலும் ஊரை விடவில்லை.

ஒரு கம்பெனி தன் வசதிக்காக ஓர் ஊரைக் கட்டலாம். பாதை போடலாம், விளக்குப் போடலாம், தெருவுக்குத் தன் ஆளின் பெயரை வைக்கலாம். ஆனால் லாபம் நின்றதும் கம்பெனி கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும். கோலார் தங்கவயலை இன்றைக்கும் ஊராக வைத்திருப்பவர்கள், 1802ல் வாரன் பெயர் கேட்காமல் விட்ட அந்த மக்களைப் போலவே குழியில் இறங்கிப் பிழைத்தவர்களின் வழிவந்தவர்கள்தான். அடுத்த முறை சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு ரயிலில் போகும்போது பங்காரப்பேட்டையில் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அங்கிருந்து பிரிந்து போகும் சின்னப் பாதைதான் இந்தக் கதை முழுவதும் போய் வந்த பாதை.